காகித விமானம் ஏன் குப்புற விழுகிறது? மடிப்பும் திருத்தமும்

80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று போதும். எடை சுமார் 5 கிராம். கசங்காத புதுத் தாளாக எடுங்கள். செய்தித்தாள் துவண்டுவிடும், சார்ட் பேப்பரில் மடிப்பு படியாது.

1. நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். நடுக்கோடு கிடைக்கும்.
2. மேல் மூலைகள் இரண்டையும் நடுக்கோட்டுக்கு மடியுங்கள். வரும் முக்கோணத்தை அப்படியே கீழே மடியுங்கள்.
3. மறுபடியும் மேல் மூலைகளை நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். முக்கோண முனைக்கு 2 செ.மீ. மேலே அவை சந்திக்கட்டும். எட்டிப் பார்க்கும் முனையை மேலே மடித்தால் பூட்டு ஆயிற்று.
4. பூட்டு வெளிப்பக்கம் இருக்கும்படி பாதியாக மடித்து, அடியில் 2 செ.மீ. உடல் விட்டு இறக்கைகளை மடியுங்கள்.

ஒவ்வொரு மடிப்பையும் ஸ்கேலால் தேய்த்துவிடுங்கள். விரல் நகம் பாதி வேலைதான் செய்யும்.

இறக்கை சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து போகும்போது காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. தூக்குவிசை அதுதான். ‘மேல்பக்கக் காற்றுக்குத் தூரம் அதிகம், அதனால் வேகமாக ஓடுகிறது’ என்ற பாடத்தை இங்கே மறந்துவிடலாம். தட்டையான தாளுக்கு இரு பக்கமும் ஒரே தூரம்தானே!

இனி எல்லாரும் தவறவிடும் இடம். எடை மையம், தூக்குவிசை மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் மூக்கு தூக்கிக்கொண்டு விமானம் கரணம் அடிக்கும். மடிப்புகளை முன்பக்கம் குவித்தது இதற்காகத்தான். ஆனால் முன்கனம் மட்டும் இருந்தால் மூக்கு குத்தி விழும். அதற்கு மருந்து, இரு இறக்கைகளின் பின்விளிம்பையும் 2 மி.மீ. மேலே வளைப்பது. அங்கே படும் காற்று வாலைக் கீழே அழுத்த, மூக்கு நிமிரும். வேகம் கூடினால் அந்த அழுத்தமும் கூடி மூக்கை உயர்த்தும். வேகம் குறைந்தால் மூக்கு தாழ்ந்து வேகம் திரும்பும். விமானம் தன்னைத்தானே சரிசெய்துகொள்வது இப்படித்தான்.

வளைவைக் கூர்மையாக மடிக்காதீர்கள். இரு விரலால் மெல்ல உருவிவிட்டால் போதும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான். எறிந்து பார்த்த பிறகே அடுத்தது.

மேலே ஏறி, நின்று, சரிந்து, மறுபடி ஏறுகிறதா? வளைவு அதிகம், குறையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் மூக்கில் சிறிய பேப்பர் கிளிப் ஒன்று. 5 கிராம் விமானத்துக்கு அரை கிராமே பெரிய சுமை, இரண்டாவது வேண்டாம்.

ஒரு பக்கமே திரும்பினால் முன்னாலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஓர் இறக்கை முறுக்கியிருக்கும். இடப்பக்கம் திரும்பினால், முறுக்கை நீக்கிய பிறகும் மாறாவிட்டால், இடது பின்விளிம்பை மட்டும் இம்மியளவு தாழ்த்துங்கள். இறக்கை நுனிகள் உடலைவிட உயரமாக, ‘Y’ வடிவில் நிற்கட்டும்; கையை விட்டதும் இறக்கைகள் விரியும் என்பதால் சற்றுக் கூடுதலாகவே உயர்த்தி வையுங்கள். பக்கவாட்டில் சாய்ந்தாலும் நிமிர்வது இதனால்தான்.

எறியும்போது கிடைமட்டமாக, மெதுவாகத் தள்ளுங்கள். கை கொடுப்பது தொடக்க வேகம் மட்டுமே. அதன்பின் உயரத்தை இழந்துதான் விமானம் வேகத்தைக் காக்கிறது. பலமாக எறிந்தால் வளைவின் அழுத்தம் எகிறி, விமானம் செங்குத்தாக ஏறிவிடும்.

சோதனையெல்லாம் அறைக்குள் நடக்கட்டும். 2012இல் ஜான் காலின்ஸ் மடித்து ஜோ அயூப் எறிந்த, அன்றைய உலக சாதனையான 69.14 மீட்டர் தூரமும் கூரைக்கு அடியில் நிகழ்ந்ததே. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.