பிங்க் ஃபிளாய்டை முழுசாகக் கேட்பது எப்படி

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின், 1973-இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தைப் பாட்டுப் பாட்டாகப் பிரித்துக் கேட்காதீர்கள். மொத்தமே 43 நிமிடம்தான். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் நான் நள்ளிரவுக்குமேல், மோனோரயில் ஓட்டம் நின்றபின் கேட்பேன்.

விளக்கை அணைத்து ஹெட்போனை மாட்டுங்கள். ஒலியை நடுவளவில் வையுங்கள். தொடக்கத்தில் இதயத்துடிப்பு மெல்லத்தான் வரும். கேட்கவில்லையே என்று கூட்டிவிட்டால், 'டைம்' பாட்டில் கடிகாரங்கள் ஒன்றாக அலறும்போது தூக்கிவாரிப்போடும்.

அப்புறம் பாடகி கிளேர் டோரி. ஒரு சொல்கூட இல்லாமல் பாடுகிறார். குரல் கதறலாக ஏறி, பெருமூச்சாக இறங்கும். ஆலாபனை கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமே இல்லை! அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொடவே தொடாதீர்கள்.

கடைசியில் அதே துடிப்பு திரும்ப வரும். அது ஓயும்வரை ஹெட்போனைக் கழற்றாதீர்கள்.