ஈர்ப்பும் குவாண்டமும் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கமிருந்து எம்.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகள் அடிக்கடி யோசனை கேட்டு வருகிறார்கள். நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் கால் வைக்கிறார்கள். ஆராய்ச்சிப் படிப்பில் சேர எழுதும் ஜெஸ்ட் தேர்வுக்குக் கடைசி நாளில் விண்ணப்பிக்காதே, சி.வி.யில் எழுத்துப்பிழை விடாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

எடுத்த எடுப்பில் குவாண்டம் ஈர்ப்பு

ஈர்ப்பையும் குவாண்டத்தையும் இணைக்கப் பார்க்கும் இழைக் கோட்பாடா, வளையக் குவாண்டம் ஈர்ப்பா என்று முதல் நாளே கட்சி சேர வேண்டாம். இரண்டுக்கும் இன்னும் சோதனைச் சான்று இல்லை. வளைந்த காலவெளியில் குவாண்டம் புலக் கோட்பாட்டை (ஈர்ப்பைப் பழையபடி வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் குவாண்டமாகப் பார்ப்பது) முதலில் கையால் போட்டுப் பழகுங்கள். கருந்துளையும் கதிர் வீசும் என்று ஹாக்கிங் 1974இல் காட்டியது அந்த வழியில்தான். போகோலியுபோவ் உருமாற்றத்தை (ஒரு பார்வையாளரின் துகள் கணக்கை இன்னொருவரின் கணக்காக மாற்றும் முறை) ஒருமுறையாவது முழுதாகச் செய்யாதவர் கருந்துளைக்குள் போன தகவல் என்னவாகிறது என்ற புதிர் பற்றிப் பேசினால் எனக்குக் கொட்டாவி வரும்.

வழிகாட்டி ஒருவரையே நம்பியிருப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

முனைவர் பட்டத்துக்கு அடுத்த படி போஸ்ட்டாக், அதாவது சில ஆண்டு தற்காலிக ஆய்வுப் பணி. அடுத்த செப்டம்பரில் சேர, பெரும்பாலும் இந்த ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். அவை உங்கள் கண்ணில் படாமல் நேரே நீங்கள் விண்ணப்பித்த இடத்துக்குப் போகும். விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும்போது தேர்வு செய்கிறவர்கள் கடிதங்களைத்தான் ஊன்றிப் படிப்பார்கள்.

வியாசர்பாடித் தம்பி ஒருவன். முடுக்கத்தில் செல்லும் கருவிக்கு வெற்றிடமே சூடாகத் தெரியும் என்று உன்ரு 1976இல் சொன்னாரே, அதை ஒட்டி அழகான கணக்குகள் போட்டிருந்தான். ஆனால் எல்லா ஆய்வுத்தாளும் வழிகாட்டியோடு மட்டும். கடிதத்துக்கு என்ன செய்வது என்று கேட்டபோதெல்லாம் அவர் 'பார்த்துக்கலாம்' என்றே வருடங்களைத் தள்ளினார். நவம்பர் வந்தது. மூன்றாவது கடிதத்துக்குப் பையன் பி.எஸ்சி. படித்த கல்லூரித் துறைத்தலைவரிடம் ஓடினான். அவரும் பாசமாக எழுதி, அவனிடம் காட்டிவிட்டே அனுப்பினார்: ஒழுக்கமானவன், என்.எஸ்.எஸ். முகாமில் நன்றாக உழைத்தான். அந்த ஆண்டு ஓர் இடமும் கிடைக்கவில்லை. கணக்கில் ஒரு குறையும் இல்லை, பாருங்கள்.

கடிதம் தரக்கூடியவர்களை முனைவர் பட்ட மூன்றாம் ஆண்டிலேயே தேடத் தொடங்குங்கள். வேறொருவரோடு சேர்ந்து ஒரு தாளாவது எழுதுங்கள். தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் 1962இல் தொடங்கியது. அங்கே நடக்கும் கருத்தரங்குகளுக்குப் போங்கள். நம் பக்கத்திலிருந்து அது ஊரின் மறுகோடி, பாதி நாள் வழியிலேயே போய்விடும், சரி. இருந்தாலும் போய், கடைசி வரிசையில் ஒளியாமல் ஒரு கேள்வி கேளுங்கள். பெங்களூரு ஐ.சி.டி.எஸ்., புனே ஐயூகா ஆகிய ஆய்வு மையங்களின் பயிலரங்குகளுக்கும் விண்ணப்பியுங்கள். யாருடைய தாளிலாவது ஒரு படி இடித்தால், நீங்கள் போட்ட கணக்கையும் சேர்த்து அவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். 'ஐயா, உங்கள் ஆய்வு அருமை' என்று மட்டும் எழுதினால் பதில் வராது. 'என் சமன்பாட்டில் குறிப் பிழை இருப்பதை இந்தப் பையன் காட்டினான்' என்று ஒருவர் எழுதும் கடிதம்தான் வேலை செய்யும்.

வீட்டில் கணக்குச் சொல்லாமல் விடுவது

முனைவர் பட்ட மாணவருக்கான உதவித்தொகை 2023 முதல் இப்படி: தொடக்கத்தில் ஜே.ஆர்.எஃப்., மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப்., 42,000. பணம் தள்ளித் தள்ளி வருவதும் உண்டு. அப்புறம் இரண்டு, மூன்று போஸ்ட்டாக். நிரந்தர வேலைக்குள் வயது முப்பதைத் தாண்டிவிடும். ஹார்பர் வேலையிலிருந்து ஓய்வுபெறப் போகும் அப்பா தங்கச்சி கல்யாணத்துக்கு உங்களை நம்பியிருந்தால், அதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஐன்ஸ்டைனைத் திருத்துவது

எம்.எஸ்சி. முடிக்கும் முன் வேண்டாம். முடித்த பிறகும் கொஞ்சம் பொறுக்கலாம்.

ஆர்க்கைவ்

ஆய்வுத்தாள்களை எல்லோரும் படிக்கப் போட்டுவைக்கும் இணையதளம் இது. முதல் தாளைப் போட, ஏற்கெனவே அங்கே எழுதுகிற ஒருவரின் ஒப்புதல் தேவைப்படலாம். தாள் தயாரான அன்று இரவு ஆள் தேடாதீர்கள்.