செஞ்சி மலைக்குப் போகிறீர்களா?
புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தினமும் நடக்கிறவனுக்கு மலை எம்மாத்திரம் என்று போய், செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டவன் நான். சமதள நடை வேறு, சுமார் 800 அடி உயரத்துக்குப் படியேறுவது வேறு. இந்தத் தடவை மூன்று வாரம் வீட்டு மாடிப்படியில் பழகினேன். ஏறுவதைவிட இறங்கத்தான் அதிகம் பழக வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. மறுநாள் கால் பிடித்துக்கொள்வது அதனால்தான். முட்டியை லேசாக மடக்கி, முழுப் பாதம் ஊன்றி, நிதானமாக இறங்குங்கள்.

அப்புறம், கோட்டைக் கதவு திறந்ததுமே ஏறிவிடுங்கள், பாறை சூடேறினால் அவ்வளவுதான். தின்பண்டம் பைக்குள் இருக்கட்டும், குரங்குகள் விடாது. உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் பிளவின் மேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. போன தடவை அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.