எஞ்சின் பின்னால் இருக்கிறது: கையால் ஒரு படக்கதைப் புத்தகம் செய்வோம்

கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும்வரை நீலகிரி மலை ரயிலை எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அக்கா மகளுக்கு நான் செய்துகொடுத்த புத்தகம் இதை வைத்துத்தான் பிழைத்தது. ஒரு காட்டெருமைக் கன்று தன்னை எஞ்சின் என்று நினைத்துக்கொள்கிறது. பெட்டி யார்? அம்மாதான்.

நான்கு ஏ4 தாள், பென்சில், கிரேயான், தடித்த ஊசி, பழுப்பு நூல் போதும். நீர்வண்ணம் வேண்டாம். ஆடி மாதத்துக் குன்னூரில் துணியே காய்வதில்லை, தாள் எங்கே காயும்?

தாள்களை அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கம். முதல் பக்கம் அட்டை. வரைவதற்கு முன்பே, மடித்த நிலையில், மூலையில் எண் போட்டுவிடுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள்: ஒரு தாளின் ஒரே முகத்தில் உள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 17 வர வேண்டும். முதல்முறை நான் சோம்பல்பட்டு எண் போடவில்லை. கன்று மூன்றாம் பக்கத்திலேயே தூங்கிவிட்டது. விளையாட்டு பதினொன்றில் ஆரம்பித்தது.

இனி கதை. எழுத்து கன்றின் கட்சி, படம் நம் கட்சி. எழுத்து சொல்வதையே படமும் காட்டினால் குழந்தை கொட்டாவி விடும்.

'குன்னூர் எக்ஸ்பிரஸ் புறப்பட்டது!' என்று எழுதுங்கள். படத்தில் கன்று அம்மாவின் பின்னங்காலில் நெற்றியை முட்டுகிறது; அம்மா மேய்கிறாள். 'வேகம்! இன்னும் வேகம்!' அதே அம்மா, அதே புல். கன்றின் குளம்பு மட்டும் சேற்றில் வழுக்குகிறது. 'சுரங்கம்! எஞ்சின் தண்ணீர் பிடிக்கிறது.' தலை அம்மாவின் வயிற்றுக்கடியில், பால் குடிக்கிறது. வெளியே வால் மட்டும். இதை 8, 9 நடுப்பக்கங்களில் வரையுங்கள், காரணம் பிறகு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை அந்த ரயில் பாதையில் சுரங்கங்களும் 16 என்பதால் பக்கத்துக்கொன்று போட ஆசை வரும். ஒன்று போதும்.

'மண்சரிவு! ரயில் நிற்கிறது.' அம்மா படுத்துவிட்டாள்.

13-ஆம் பக்கத்தில் 'தள்ளு... தள்ளு...' மட்டும். அது வலப்பக்கம், திருப்பினால்தான் 14 தெரியும். அங்கே அம்மா எழுந்து, அடுத்த புல்லுக்காக ஓரடி வைக்கிறாள். கன்றுக்கோ ஊட்டியே வந்துவிட்டது.

நிறம் எளிது. அம்மா கருப்பழுப்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை, கன்று வெளிர்பழுப்பு. தேயிலைத் தோட்டத்தில் நேரில் பார்த்து வரையப் போகாதீர்கள். கன்றோடு நிற்கும் தாய் பொல்லாதவள், ஜன்னலுக்கு உள்ளேயே இருங்கள்.

கடைசியாகத் தையல். மடிப்பில் மூன்று துளை. உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே வந்து, மேல் துளையில் உள்ளே போய், கீழ்த் துளையில் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே நுழையுங்கள். மேலிருந்து கீழாக ஓடும் நூலுக்கு இருபுறமும் இரண்டு முனைகள் வருமாறு பிடித்து முடியுங்கள். முடிச்சு 8-க்கும் 9-க்கும் நடுவில் விழும். ஒரு முனையை ஒட்ட நறுக்கிவிட்டு மற்றதை இரண்டு விரற்கடை விடுங்கள். அதுதான் கன்றின் வால்.