எஸ்பிஏ-15: துளைச் சிலிக்கா செய்து அதை வினையூக்கியாக்குவது எப்படி?

துளைப்பொருள் வேதியியலுக்குப் புதிதாக வருகிறவர்களை நான் முதலில் செய்யச் சொல்வது எஸ்பிஏ-15. 1998-இல் சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டோங்யுவான் ஜாவோ, கேலன் ஸ்டக்கி குழுவினர் உருவாக்கிய சிலிக்கா இது. தேனடை அறைகளைப் போல வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றும் சில நானோமீட்டர் அகலம். ஒரே கிராமுக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருக்கும். ஃபியூம் ஹூட் (ஆவியையும் புகையையும் உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம்.

சிலிக்கா

ப்ளூரானிக் பி123 என்ற பாலிமர் 4 கிராம் வேண்டும். வாசலின் போலப் பிசுபிசுக்கும். பீக்கரைத் தராசில் வைத்து நேராக அதிலேயே போடுங்கள். காகிதத்தில் எடுத்தால் பாதி காகிதத்தோடு போய்விடும். அதில் 30 மி.லி. தண்ணீரும் 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 120 மி.லி.யும் ஊற்றிக் கலக்குங்கள். 100 மி.லி. தண்ணீரில் 20 மி.லி. அடர் அமிலத்தை மெதுவாக விட்டால் இந்த அமிலம் தயார். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. சூடாக்கினால் சீக்கிரம் கரையும் என்று நினைக்காதீர்கள். இந்தப் பாலிமர் குளிர்ந்த நீரில்தான் நன்றாகக் கரையும்.

கரைந்ததும் 35 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து, சிலிக்காவைத் தரும் திரவமான டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் 8.5 கிராம் விடுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காதது போலத் தெளிவாக இருக்கும். பிறகு பால் சொட்டியது போல வெளுக்கும். பாலிமர் உருளைகளைச் சுற்றிச் சிலிக்கா படியும் நேரம் அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. 20 மணி நேரம் கலக்கி, மூடிய பாட்டிலில் 80 டிகிரியில் ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். வடிகட்டிக் கழுவி உலர்த்துங்கள்.

அடுத்து மஃபிள் ஃபர்னஸ் என்ற உயர்வெப்ப உலை. நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் ஏற்றி, 500 டிகிரியில் 6 மணி நேரம். பாலிமர் எரிந்து போன இடம்தான் துளை. விபூதி போன்ற மெல்லிய வெள்ளைப் பொடி சுமார் 2.4 கிராம் கிடைக்க வேண்டும். எடை அதற்கு மேல் இருந்தாலோ, பொடி பழுப்பாக இருந்தாலோ பாலிமர் மிச்சமிருக்கிறது, மறுபடி எரியுங்கள்.

வினையூக்கி

வெறும் சிலிக்கா பெரிதாக எதையும் ஊக்காது. அமீன் என்ற, நைட்ரஜன் உள்ள காரத் தொகுதியை அதில் ஒட்ட வேண்டும். 1 கிராம் பொடியை 120 டிகிரியில் வெற்றிடத்தில் இரவு முழுக்க உலர்த்துங்கள். ஈரம் இருந்தால், அமீனைச் சுமந்து வரும் சிலேன் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே பிணைந்து துளையை அடைத்துவிடும். உலர் டொலுவீன் 50 மி.லி., அமினோப்ரொப்பைல் ட்ரைஎத்தாக்சி சிலேன் 1 மி.லி. சேர்த்து, நைட்ரஜனில் 24 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவிடுவது). டொலுவீனாலும் பிறகு எத்தனாலாலும் நன்றாகக் கழுவுங்கள். ஒரு சிட்டிகையில் நின்ஹைட்ரின் விட்டுச் சூடாக்கினால் நீலஊதா வரும். அமீன் இருக்கிறது என்று அர்த்தம்.

சோதனை

பென்சால்டிஹைடு 1.06 கிராம், எத்தில் சயனோஅசிடேட் 1.13 கிராம், எத்தனால் 10 மி.லி., வினையூக்கி 100 மி.கி. 60 டிகிரியில் கலக்கி, வினை எவ்வளவு நகர்ந்தது என்று டி.எல்.சி.யில் (மெல்லடுக்கு நிறப்பிரிகை) பார்த்துக்கொண்டே இருங்கள். இதற்கு நோவனகல் வினை என்று பெயர். கிடைக்கும் பொருள் ஆறினால் படிகமாகும்.

ஒருமுறை எனக்கு வினை நகரவே இல்லை. வினையூக்கியைத்தான் இரண்டு நாள் சந்தேகப்பட்டேன். பார்த்தால், பழைய பென்சால்டிஹைடு பாட்டிலின் வாயில் வெள்ளைப் படிகங்கள்: காற்றுபட்டு உண்டான பென்சாயிக் அமிலம். அது அமீனை முடக்கியிருந்தது. அன்றிலிருந்து புதிதாக வாலை வடித்துத்தான் எடுக்கிறேன்.

பலரும் தவிர்க்கிற ஒன்றை நீங்கள் தவிர்க்காதீர்கள். வினை பாதி நடந்ததும் கலவையில் பாதியைச் சூடாகவே வடிகட்டி, வினையூக்கி இல்லாமல் அதே வெப்பத்தில் தொடர்ந்து வையுங்கள். அதில் வினை அப்படியே நின்றுவிட்டால் வேலை செய்தது உங்கள் பொடிதான். பொடி இல்லாமலும் வேகமாக நடந்தால், கழன்று கரைந்த அமீன் வேலை செய்கிறது. பொடியைச் சூடான எத்தனாலில் இன்னும் இரண்டு முறை கழுவி, சோதனையை முதலிலிருந்து தொடங்குங்கள்.