அறுகம்குடாவுக்குச் செல்லும் குடும்பங்களுக்கு

ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளி விடுமுறை விடும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் அறுகம்குடாவிலும் அலைச்சறுக்குக்கு ஏற்ற அலை நன்றாக எழுகிறது என்பதால், ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் பல பிள்ளைகளின் விருப்பத்துக்காகப் இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலை அடுத்த இந்த மீனவக் கிராமத்தையும் பயணத்தில் சேர்த்துக்கொள்கின்றன. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசி அலையை ஒழுங்காக உருள வைக்கும். நவம்பரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் விடுதிகள் பலவற்றை மூடிவிடுவார்கள்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை ஊடாக வரும் ஏ4 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 320 கிலோமீற்றர் பயணம். வடக்கிலிருந்து வருவோர் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று வழியாகக் கரையோரமாகவே வரலாம். கொழும்பிலிருந்து வரும் வழியில் பொத்துவிலுக்கு முன்னுள்ள லகுகலைப் பகுதியில் மாலையானதும் யானைகள் வீதிக்கு வரும். பகலிலேயே அதைக் கடந்துவிடும்படி புறப்படுங்கள். வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ ஓட்ட முடியாது. அதற்கு இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

அலைச்சறுக்குப் பலகைகளைக் கரையிலேயே வாடகைக்கு எடுக்கலாம் என்பதால், புதிதாகப் பழகுவோர் விமானத்தில் பலகை சுமந்து வரத் தேவையில்லை. அவர்களுக்கு ஏற்ற அலைச்சறுக்கு இடங்கள் பேபி பொயின்ட்டும் வடக்கே உள்ள விஸ்கி பொயின்ட்டும். பெயர் பெற்ற மெயின் பொயின்ட்டின் அடியில் பாறையும் கடல் முள்ளெலியும் உண்டு. பழகாத பிள்ளைகளை அங்கே இறக்க வேண்டாம்.

இவையெல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. அறுகம்குடா சுற்றுலாவுக்காக உருவான ஊரன்று. குடாவின் தென்பகுதி மணலில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளங்களே பல குடும்பங்களின் சீவனம். விடியற்காலையில் கரை திரும்பும் வள்ளம் அலையின் வேகத்தோடு மணலில் ஏறுவதால் அதை நினைத்த இடத்தில் நிறுத்தவோ திருப்பவோ முடியாது. ஆகவே அவை வந்தேறும் பாதையில் நீந்துவதும் பலகைகளைப் போட்டு வைப்பதும் பேராபத்து. கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றைத் தாண்டாதீர்கள், வலையை மிதிக்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையை அழித்துச் சென்றது. அதைப் பற்றி ஊர்மக்கள் தாமாகப் பேசினால் பொறுமையாகக் கேளுங்கள். வேடிக்கைக் கதையாக விசாரிக்க வேண்டாம்.

பொத்துவிலில் பெரும்பான்மையினர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். தமிழரும் சிங்களவரும் அருகருகே வாழ்கின்றனர். ஆங்கிலத்தில் விலை கேட்கும் மற்றப் பயணிகளுக்கு இல்லாத உரிமையோடு நீங்கள் தமிழில் பேசத் தொடங்கலாம். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களை அறியாமல் ‘நீ’ என்று அழைத்துவிடுவதுண்டு. ‘நீங்கள்’ என்று சொல்லிப் பழக்கிவிட்டு அழைத்துச் செல்லுங்கள். நீச்சலுடை கடற்கரையோடு நிற்கட்டும். கடைத்தெருவுக்குத் தோளும் முழங்காலும் மூடும் உடையே பொருத்தம். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கக்கூடும். ட்ரோன் பறக்கவிட விரும்புவோர் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியைப் பெற வேண்டும். அவசர அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

ஒரு பகலையாவது தெற்கே பாணமையைக் கடந்துள்ள உகந்தைமலை முருகன் ஆலயத்துக்கு ஒதுக்குங்கள். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் இங்கே தங்கித்தான் குமண, யால காடுகளுக்குள் நுழைகிறார்கள். ஆடிவேல் விழாக் காலத்தில் காட்டுப்பாதை திறந்திருக்கும் நாட்களில் கூட்டம் மிகும். கோயிலுக்கு அருகிலேயே அலைச்சறுக்கு இடமும் இருப்பதால் பலர் கடலிலிருந்து நேரே வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் வேட்டியோ சேலையோ கையோடு கொண்டு சென்று, குளித்து உடைமாற்றிய பின் உள்ளே செல்லுங்கள். திரும்பும் வழியும் யானைகள் நடமாடும் காடுதான் என்பதால், பொழுது சாயுமுன் பாணமையை வந்தடையுங்கள்.