வேரடியில் வந்த குமிழி

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தை உள்ளங்கையளவு பலகையில் குட்டி மாதிரியாகச் செய்தேன். தண்ணீருக்காக எப்பாக்ஸி ரெசின் (கண்ணாடி மாதிரி இறுகும் பிசின்) ஊற்றி ஒரு மணி நேரத்தில் அந்தத் தண்ணீர் முழுக்கச் சோடா மாதிரி குமிழி. அடுத்த பலகைக்கு மெதுவாகக் கலக்கினேன், அதே கதை. ரெசினை வெந்நீரில் வைத்து இளக்கினேன். சீக்கிரம் இறுகியதுதான் மிச்சம். ஐந்து நாள் போச்சு.

நான்காவது பலகையில் ஊற்றிய கையோடு டார்ச் அடித்துப் பார்த்தேன். குமிழி எல்லா இடத்திலிருந்தும் வரவில்லை. அலையாத்தி வேராக நட்ட குச்சிகளின் அடியிலிருந்து மட்டும் சரம்சரமாக ஏறியது. காய்ந்த குச்சிக்குள் இருந்த காற்று!

புதுப் பலகையில் குச்சிக்கும் மண்ணுக்கும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை இரண்டு முறை பூசினேன். இந்த ஊர் ஈரப்பதத்தில் அது காய ஏர்கான் அறையில் ஒரு நாள். பிறகு 3 மில்லிமீட்டர் ஊற்றி, இறுகியதும் இன்னொரு 3. குமிழியே இல்லை, அப்பாடா.